கள்ளுக்கடைப் பக்கம் போகாத விமர்சகர்கள்

திருப்பூர் வட்டாரத்தில் ஆசிரியப் பணி செய்பவருக்கு ஒரு வசதி உண்டு. உலகத்தின் எந்த மூலையில் எந்தப் பெயர் விலைபோகிறது என்பதை அறிய அவர் நாளிதழ் புரட்ட வேண்டியதில்லை. மாணவர்களின் மார்பைப் பார்த்தால் போதும். ஏற்றுமதிக்கெனத் தைத்து, தையல் பிசகியோ அளவு தவறியோ கழிக்கப்பட்ட பனியன்கள் காதர்பேட்டைக் கடைகள் வழியாகக் கணியூர் வரை வந்து சேர்ந்துவிடுகின்றன. அமராவதிக் கரையில் தென்னந்தோப்புக்கு நீர் பாய்ச்சுகிறவரின் முதுகில் கலிஃபோர்னியக் கடற்கரை ஒன்றின் பெயரைப் பார்ப்பது இங்கே வியப்பே அல்ல.

சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரின் பனியனில், கிதார் வடிவில் வளைத்தெழுதிய ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. 'மங்கீஸ்'. யாரென்று தெரியுமா என்றோம். 'கொரங்குனு தப்பா எழுதியிருக்குதுங்க ஐயா, அதான் ஆர்டர் ரிட்டன் ஆயிருக்கும்' என்றார். நல்ல தர்க்கம். ஆனால் அது அச்சுப்பிழை அன்று.

மங்கீஸ் என்பது அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகக் கூட்டிச் சேர்க்கப்பட்ட நால்வர் குழு. பீட்டில்ஸின் புகழைக் கண்ட தயாரிப்பாளர்கள், அதுபோல் ஒரு குழுவைப் பற்றி நகைச்சுவைத் தொடர் எடுக்க எண்ணி, விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தி ஆளெடுத்தார்கள். 1966 செப்டம்பரில் தொடர் தொடங்கியது. முதல் இரண்டு இசைத்தட்டுகளில் குரல் அவர்களுடையது; வாத்தியங்களைப் பெரும்பாலும் வாசித்தவர்கள் கூலிக்கு வந்த ஒலிப்பதிவுக்கூடக் கலைஞர்கள். செய்தி வெளிவந்தபோது ஏளனம் எழுந்தது. நால்வரும் சண்டையிட்டு, 1967இல் வெளிவந்த மூன்றாவது இசைத்தட்டில் தாங்களே வாசித்தார்கள். 1968இல் தொடர் நின்றது. அவ்வளவுதான் கதை. ஆனால் இந்தக் கதைக்கு அமெரிக்கர் எழுதிக் குவித்திருக்கும் பக்கங்களைப் பார்க்க வேண்டும். எந்தப் பாட்டில் எந்தக் கிதாரை எவர் மீட்டினார், எந்த நாளில் பதிவானது என்பது வரை ஆவணம் இருக்கிறது. செய்தெடுத்த குழு என்று அவர்களே எள்ளிய ஒன்றின் வரலாற்றைக்கூட அவர்கள் தொலைக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், அதே மாணவர்தாம் கல்விச் சுற்றுலாவின்போது பேருந்தின் பின்னிருக்கையில் கைதட்டி 'சுராங்கனி' பாடியவர். பேருந்து முழுவதும் பாடியது. ஓட்டுநர் பாடினார். நாமும் பாடினோம், மறைப்பானேன். இறங்கும்போது, 'இது யார் பாட்டு?' என்று கேட்டோம். ஒருவர் பழைய சினிமாப் பாட்டு என்றார். ஒருவர் நாட்டுப்புறப் பாட்டு என்றார். மூன்றாமவர் மலையாளம் என்றார். நாற்பது தமிழிலக்கிய மாணவர்களில் 'இலங்கை' என்ற சொல்லைச் சொன்னவர் ஒருவர் மட்டுமே; அவர் எங்கள் வட்டாரத்து ஈழ ஏதிலியர் முகாமிலிருந்து வந்து படிப்பவர். அவரும் தயங்கித்தான் சொன்னார்.

மாணவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. சில வாரங்களுக்கு முன் உடுமலையில் நடந்த வாசகர் கூட்டத்தில், நாம் மதிக்கும் விமர்சக நண்பர் ஒருவர் ஏறத்தாழ ஒரு மணிநேரம் பேசினார். தமிழ்ச் சமூகத்தில் பாட்டு என்றால் ஒன்று சபா, இன்னொன்று சினிமா, மிஞ்சியது கோயில். இளைஞன் ஒருவன் தன் வாழ்க்கையைத் தன் மொழியில் தானே மெட்டமைத்துப் பாடிய வரலாறு நமக்கு இல்லவே இல்லை என்பது அவர் வாதம். கூட்டம் தலையசைத்தது. நாம் எழுந்து, 'ஈழத்துப் பொப் இசை?' என்றோம். நண்பர் சிரித்தார். 'அது பைலாக் கூத்துங்க. அதையெல்லாம் கணக்குல வைக்க முடியுமா?' என்றார். கூட்டமும் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கட்டுரை.

(பாப் என்றுதானே எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: அதை உண்டாக்கியவர்கள் பொப் என்று எழுதினார்கள். பெயர் வைக்கும் உரிமை பெற்றவருக்கு.)

*

நண்பர் கணக்கில் வைக்க மறுத்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

1960களின் பிற்பகுதி. கிழக்கிலங்கையில் அம்பாறை. அங்கே ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம் என்றொரு கல்விக்கூடம். சிங்களமும் தமிழும் பேசும் மாணவர்கள் ஒன்றாகத் தங்கிப் படித்த இடம். யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் என்ற மாணவர், அந்த விடுதி வாழ்க்கையில் கிதாரும் கையுமாகக் கட்டிய பாட்டுதான் 'சின்ன மாமியே'. சபாவுக்கோ சினிமாவுக்கோ எழுதப்பட்டதன்று. தயாரிப்பாளர் எவரும் விளம்பரம் கொடுத்து ஆளெடுக்கவில்லை. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். ஒரு மாணவர், உடன் படிப்பவர்கள், ஒரு கிதார், ஒரு மாலைப்பொழுது. நண்பர் 'இல்லவே இல்லை' என்றாரே, அந்த வரலாற்றின் முதற்பக்கம் இப்படித்தான் இருக்கிறது.

அம்பாறை என்ற பெயரை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 ஜூனில், அதையொட்டி வெடித்த இன வன்முறையில் மிகுந்த உயிர்ப்பலி நேர்ந்தது கல்லோயாக் குடியேற்றத் திட்டப் பகுதியில். அம்பாறை அந்தப் பகுதியின் நகரம். அது நடந்து பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்குள், அதே மண்ணில், இரு மொழி மாணவர்களும் கைதட்டிப் பாடும்படி ஒரு தமிழ்ப் பாட்டு பிறந்திருக்கிறது. இதைக் 'கூத்து' என்று ஒதுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அவர்களுக்கு முன்மாதிரி அக்கம்பக்கத்திலேயே இருந்தது. கிளாரன்ஸ் விஜேவர்தனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவினரும் 1960களின் நடுப்பகுதியிலிருந்து மின்கிதாரோடு சிங்களத்தில் எளிய பாடல்களைப் பாடி, இலங்கை வானொலி வழியே நாடெங்கும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மேல்நாட்டுப் பாட்டை ஆங்கிலத்திலேயே பாடிக்கொண்டிருந்த கொழும்பு இளைஞர்களுக்கு நடுவே, தாய்மொழியில் பாடினாலும் கிதார் ஒலிக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். சென்னையில் அதே காலத்தில் கிதார் பிடித்த கல்லூரி இளைஞர்கள் இல்லாமலில்லை. அவர்கள் பாடியது ஆங்கிலத்தில். தமிழில் பாடலாம் என்ற எண்ணம் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கத்தில்தான் முதலில் எழுந்தது என்பது நாம் அறிந்த வரையில் உண்மை. தமிழகத்தின் தலைநகரத்துக்கு வராத எண்ணம் அம்பாறையின் விடுதிக்கு வந்திருக்கிறது.

நித்தி கனகரத்தினத்தின் மற்றொரு புகழ்பெற்ற பாட்டு 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'. பைலா என்றாலே குடிகாரக் கும்மாளம் என்று நினைப்பவர்கள் தலைப்பையாவது வாசித்திருக்கலாம். அது கள்ளுண்ணாமைப் பாட்டு. வள்ளுவர் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தில் சொன்னதை ஓர் இளைஞர் ஆடுகிற தாளத்தில் சொல்லியிருக்கிறார். கள்ளுக்கடையில் இருப்பவனும் முணுமுணுக்கக்கூடிய மதுவிலக்குப் பாட்டு நம் மேடைகளில் எத்தனை உண்டு?

பிறகு ஏ.ஈ. மனோகரன். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்டவர். பாடுவதோடு நில்லாமல் நடிகராகவும் விளங்கியவர். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இல் ஈழத்துத் திரைப்படமாக வந்தபோது அதில் நடித்தார். 'சுராங்கனி'யைக் கடல் கடந்து கொண்டுவந்தது அவர் குரல். அந்தப் பாட்டின் அமைப்பைக் கவனியுங்கள்: சிங்களமும் தமிழும் ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வருகின்றன. மீன் கொண்டு வந்திருப்பதாக ஒருத்தியிடம் சொல்லும் சின்னஞ்சிறு விஷயம். மொழிக்காக ஒரு நாடு இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தபோது, இரண்டு மொழியும் ஒரே பல்லவியில் இடறாமல் நடந்தன. இவர்களோடு ஸ்ரனி சிவானந்தன், அமுதன் அண்ணாமலை, எஸ். இராமச்சந்திரன், திருகோணமலையின் பரமேஷ் – கோணேஷ் சகோதரர்கள் என்று ஒரு வரிசையே 1970களில் எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வரும் பத்திரிகைகளுக்கும் படங்களுக்கும் இலங்கை அரசு கட்டுப்பாடு விதித்திருந்ததும் உள்ளூர்க் கலைக்கு ஒரு மூச்சுவெளியைத் தந்தது. சினிமாவின் நிழல் சற்றே விலகியவுடன் எது முளைக்கும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இனி நம் பங்கு. 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் 'சுராங்கனி' இடம்பெற்றது. அதன்பின் தமிழ்நாட்டுக்கு அது சினிமாப் பாட்டு. எம் மாணவர் சொன்ன விடை நாம் அவருக்குக் கற்பித்த விடைதான். சினிமா ஒரு பாட்டை எடுத்தாள்வது குற்றமன்று. பாட்டு அப்படித்தான் பயணம் செய்யும். ஆனால் சினிமாவின் ஏகபோகத்தை எதிர்த்து ஆண்டுக்கு நான்கு கட்டுரை எழுதும் சிற்றிதழ்க்காரர்களாகிய நாம், சினிமாவுக்கு வெளியே பிறந்த ஒன்றை அதன் பிறப்பிடத்தோடு சேர்த்து நினைவில் வைக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா? மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையிலேயே காலமானார். நம் வட்டத்தில் எவரும் அதைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. நாமும் பேசவில்லை.

*

இனி, சிரித்த நண்பர் கூட்டம் முடிந்து தேநீர்க்கடையில் அடுக்கிய காரணங்களுக்கு வருவோம். அவை அவர் ஒருவருடையவை அல்ல. படித்தவர்கள் பலரும் சொல்பவைதாம்.

அது மேற்கத்திய நகல் என்றார். வயலின் எந்த ஊர் வாத்தியம்? பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்றுத் தம் இசைக்கு இசைவித்தார். இன்று அது இல்லாமல் கச்சேரி உண்டா? அவருடைய தமையனார் முத்துஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரப் பட்டாள வாத்தியக் குழுக்களின் மெட்டுகளைக் கேட்டு, ஆங்கிலேய அரச வாழ்த்தின் மெட்டுக்குக்கூட, சாகித்யம் செய்தார். அவற்றை 'நோட்டுஸ்வரம்' என்று மரியாதையாகக் குறிப்பிடுகிறோம். தீட்சிதர் செய்தால் சாகித்யம், உரும்பிராய் மாணவர் செய்தால் நகல்!

அது போகட்டும், பைலா எங்கிருந்து வந்தது? 1505இல் இலங்கைக் கரையில் இறங்கிய போர்த்துக்கீசரும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுச் சென்ற ஆட்டத்தாளத்திலிருந்து. இருபதாம் நூற்றாண்டில் வாலி பஸ்தியன் போன்றோர் அதைச் சிங்களப் பாட்டாக வளர்த்தெடுத்தார்கள். ஆனால் அந்தத் தாளத்தின் பழைய வடிவத்தைப் பேணியவர்களில் மட்டக்களப்பின் போர்த்துக்கீசப் பறங்கியரும் உண்டு. அவர்கள் வாழ்வது தமிழ் பேசும் மக்களின் நடுவே. வீட்டில் போர்த்துக்கீசக் கலப்பு மொழியும் தெருவில் தமிழும் பேசியவர்கள். ஆகவே பைலாவைச் சிங்களத்திடம் பெற்ற கடன் என்று மட்டும் சொல்லிவிடவும் முடியாது. அதன் மும்மை நடை, கும்மியும் காவடிச்சிந்தும் கேட்டு வளர்ந்த காதுக்கு அப்படியொன்றும் அந்நியமும் அன்று. அண்ணாமலை ரெட்டியாரின் சிந்துகளுக்குத் தலையாட்டும் நண்பர், அவற்றின் துள்ளலை மட்டும் தனியே கழித்துவிட்டா கேட்கிறார்?

இன்னொன்றும் உண்டு. ஈழத்துக் கவிஞர் மகாகவியின் 'குறும்பா' 1966இல் வெளிவந்தது. ஆங்கிலத்து ஐந்தடிக் கேலிப்பாட்டின் வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த நூல். அதை முதுகலை வகுப்பில் நாமே நடத்துகிறோம். வடிவப் புதுமை என்று கரும்பலகையில் எழுதுகிறோம். அதே பத்தாண்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்ததையும் நடத்துகிறோம். அதே பத்தாண்டில் அதே நாட்டின் இன்னொரு விடுதியில் ஒலித்த கிதாரை மட்டும் நடத்துவதில்லை. காரணம் ஒன்றே ஒன்றுதான்: அது அச்சில் வரவில்லை, ஆடும்படி இருந்தது. பேராசிரியர் தலைமையேற்கவும் இல்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, சொல்லில் ஆழமில்லை என்பது. இதற்கு நாம் தொல்காப்பியரைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். செய்யுளியலில் எட்டு வனப்புகள் சொல்கிறார். அவற்றுள் 'விருந்து' என்பது புதிதாகப் பிறந்த யாப்பு. 'புலன்' என்பது சேரிமொழியில், அதாவது தெருவில் வழங்கும் பேச்சில், ஆராய்ந்து பொருள்காண வேண்டாதபடி நேரே விளங்கச் சொல்வது. அதைக் குறைபாடு என்று சொல்லவில்லை, வனப்பு என்கிறார். 'சின்ன மாமியே' இரண்டு இலக்கணத்துக்கும் பொருந்துகிறது. மாமியிடம் அவள் மகளைப் பற்றி விசாரிக்கிறான் ஓர் இளைஞன். மாமி பதில் சொல்கிறாள். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று இவன் பெரியமனிதன் போல் எச்சரிக்கிறான். யாழ்ப்பாணத்துத் தெருப்பேச்சு, அதன் கேலியோடும் நெளிவோடும் அப்படியே பாட்டாகியிருக்கிறது. அகப்பாட்டில் தாயும் தோழியும் பேசும் பேச்சுக்கு நூறு பக்க உரை எழுதும் நமக்கு, வேலியோரத்தில் நின்று மாமியும் மருமகனும் பேசினால் ஆழம் போதவில்லையாம்.

புலனுக்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர் பேராசிரியர் 'விளக்கத்தார் கூத்து' என்று ஒரு நூலைச் சொல்கிறார். அந்த நூல் இன்று இல்லை. பெயர் மட்டும் உரையில் கிடக்கிறது. ஊரெல்லாம் அறிந்த பாட்டு என்பதால் எவரும் எழுதிவைக்கவில்லையோ, எழுதி வைத்தும் செல்லரித்ததோ, போய்விட்டது. ஐங்குறுநூறு பிழைத்திருக்கிறது, தெருப்பேச்சில் ஆடிய கூத்து பிழைக்கவில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் கனமானது. அதைச் சொன்னபோது நண்பர் சிரிக்கவில்லை. 'ஒரு இனத்தோட தலைமேல கத்தி தொங்கிட்டிருந்த காலத்துல மாமியையும் மீனையும் பாடிட்டிருந்தாங்களே, அதுல என்ன பெருமை?' என்றார். 1958இல் கலவரம், 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், 1977 ஆகஸ்டில் மீண்டும் கலவரம், 1981இல் யாழ் நூலகம் எரிந்தது, 1983இல் ஜூலை. இந்த வரிசைக்கு நடுவே கிதார் மீட்டியதை என்னவென்று சொல்வது?

இதற்கு நம்மிடம் முழு விடை இல்லை. பெரும்பாலான பொப் பாடல்கள் அரசியலைத் தொடவில்லை என்பது உண்மை. பலவற்றில் எதுகை கிடைத்தால் போதும் என்ற சோம்பல் உண்டு. வீதியில் போகும் பெண்ணைக் கண்ணால் அளப்பதையே விஷயமாக்கிய பாட்டுகளும் உண்டு. அவற்றைக் கல்லூரியில் பெண்கள் முன் போட்டுக்காட்டி 'இதோ புலன்' என்று சொல்ல நமக்கு வாய் வராது. இவற்றை மறைத்துக்கொண்டு வழக்காடவில்லை.

ஆனால் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 'பொடியள்' என்ற சொல் 'சின்ன மாமியே'யில் வருகிறது. ஊர்சுற்றும் விடலைகள் என்ற பொருளில். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே யாழ்ப்பாணத்தில் அதே சொல்லுக்குப் பொருள் வேறாகிவிட்டது. பொடியள் என்றால் துவக்கெடுத்தவர்கள். ஒரு சமூகத்தின் இளைஞர்கள் எங்கிருந்து எங்கே தள்ளப்பட்டார்கள் என்பதற்கு அகராதியில் இதைவிடக் கூர்மையான சான்று இருக்குமா என்று தெரியவில்லை. போருக்கு முன் அந்த இளைஞர்களுக்கு ஒரு சாதாரண வாழ்க்கை இருந்தது; அதில் சைக்கிளும் மாமி வீட்டு வேலியும் கிண்டலும் இருந்தன. அதை இழந்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால், அது இருந்தது என்று முதலில் சொல்லியாக வேண்டும். ஈழம் பற்றிய நம் வாசிப்பில் போர் மட்டுமே இருக்கிறது. அழுதால் மட்டுமே ஈழத்தவரை இலக்கியத்துக்குள் விடுவது என்பது நம்முடைய வசதி. அவர்களுடைய வரலாறு அன்று.

*

நம் ஊர்ப்பக்கமே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. உடுமலை நாராயணகவி 1899இல் பூளவாடியில் பிறந்தவர். நாடகத்துக்குப் பாட்டுக் கட்டி, பின் திரைக்குப் போனவர். 'பாட்டுக்கட்டி'களை வித்துவான்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் நிற்கிறது. நம் வாசகர் கூட்டத்தினர் மாலை அணிவிக்கிறார்கள். சிரித்த நண்பரும் அணிவித்தார், அது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெருவில் ஓடிய சொல்லைப் பாட்டில் ஏற்றியதற்காகத்தானே மாலை? பூளவாடிக்கு ஒரு நீதி, உரும்பிராய்க்கு ஒரு நீதியா?

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாடிய பாட்டுகளையும் எண்ணிப் பாருங்கள். அரசியல் புதிது, சொல் புதிது. மெட்டு பெரும்பாலும் திரைப்பாடலிலிருந்து எடுத்தது. மக்கள் காதில் ஏற்கெனவே இருந்த மெட்டு அதுதான் என்பதால் அதைக் குறைசொல்வதற்கில்லை. சினிமாவை எதிர்த்துப் பாடவும் சினிமாவின் மெட்டு தேவைப்பட்ட நிலம் இது. அந்த நிலத்திலிருந்துகொண்டு, சொந்த மெட்டில் பாடிய பக்கத்து நிலத்துக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

பாடத்திட்டக் கூட்டம் ஒன்றில் 'அயலகத் தமிழ் இலக்கியம்' தாளில் ஓர் அலகின் ஓரமாக, ஈழத்துப் பொப் பாடல்கள் என ஒரு வரி சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். 'பார்வை நூல் என்ன?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் கையில் கொடுப்பதற்கு நூல் இல்லை. பாட்டுகள் இணையத்தில் பாதி தேய்ந்த ஒலியில் கிடைக்கின்றன. பதிவான ஆண்டு, வாசித்தவர் பெயர் எதுவும் உடன் வருவதில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் ஈழத்து அச்சு நூல்களையும் இதழ்களையும் பேணுவதில் செய்திருக்கும் பணி பெரிது; நம் பல்கலைக்கழகங்கள் வெட்கப்பட வேண்டிய பணி. இசைத்தட்டு உறைகளும் மேடை நிகழ்ச்சித் துண்டறிக்கைகளும் யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன? எத்தனை பரண்கள் 1983இலும் அதன் பின்னரும் எரிந்தன? நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். மற்றவர்களில் பலரையும் காலம் திசைக்கொன்றாக வீசியது. மங்கீஸ் குழுவின் கிதாரை மீட்டிய கூலிக்கலைஞரின் பெயர் வரை நமக்குக் கிடைக்கிறது. மனோகரனுக்குப் பின்னால் நின்று கொங்கோ முரசு தட்டியவர் யார்?

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேருந்தில் 'இலங்கை' என்று தயங்கிச் சொன்ன மாணவரோடு அவர் தாத்தாவைப் பார்க்கப் போனோம். மன்னார்ப் பக்கத்திலிருந்து 1990இல் படகில் வந்தவர். முகாம் வீட்டின் முன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்து, சீனி கூடுதலாகப் போட்ட தேநீர் கொடுத்தார். பொப் பாட்டு என்றதும் முதலில் வெட்கப்பட்டார், பேரனைப் பார்த்தார். பிறகு தொடையில் தாளம் போட்டு மெல்லத் தொடங்கினார். குரல் போய்விட்டிருந்தது, தாளம் போகவில்லை. நடுவில் நிறுத்தி, 'அந்தக் காலத்தில பொடியள் எண்டால் வேற, சேர்' என்றார். நாம் கேட்காமலே சொன்னார்.

இணையத்தில் நாம் கேட்ட பதிவில் இல்லாத அடிகளையும் பாடினார். தங்கள் ஊர்த் திருவிழா மேடையில் உள்ளூர்ப் பாடகர்கள் சேர்த்துக் கட்டியவையாம். ஒவ்வோர் ஊரிலும் அப்படிச் சேர்த்துக்கொள்வார்களாம். எழுதிக்கொண்டோம். மூன்று சொற்கள் நமக்கும் புரியவில்லை, பேரனுக்கும் புரியவில்லை. அவருக்கே ஒன்றின் பொருள் நினைவுக்கு வரவில்லை. கரையோரத்தில் மீன்பிடிப்பவர்கள் வழங்கும் சொல்லாக இருக்கலாம் என்றார். அதே முகாமில் இன்னொரு முதியவருக்குத் தெரிந்திருக்கும், அவர் இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார், மகன் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார் என்று முகவரி சொன்னார்.

அடுத்த ஞாயிறு போக வேண்டும். சிரித்த நண்பரையும் அழைத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.